வெனான்சியா மிதித்த ஏணி

சபின்யோ மலை ஏறுகிறவர்கள் பொழுது புலரும்போதே வனப் பூங்கா வாசலுக்கு வந்துவிடுவார்கள். உச்சி வெயில் சாய்ந்ததும் அந்த மலை மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். அதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். அவர்களுக்கு முன்னால் வருகிறவர்கள் சுமை தூக்குகிற ஆட்கள். அவர்களுக்கும் முன்னால் நான் வந்தாக வேண்டும். தேநீரும் அவித்த உருளைக்கிழங்கும் இல்லாமல் ஒருத்தரும் முதுகில் மூட்டையை ஏற்றமாட்டார்கள்.

எங்கள் வாசலில் ஒரு முறை உண்டு. வேலி ஓரமாக ஊன்றுகோல்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். வந்தவர் வந்த வரிசையில் தன் கோலைச் சாய்த்துவிட்டு என் அடுப்போரம் வந்து உட்கார்ந்து கதை பேசலாம். கோல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. மலை ஏற வெளியூர்க்காரர் வந்ததும், சுமைக்காரர்களின் தலைவர் செபிவும்பி முதல் கோலை எடுத்து உயர்த்திப் பிடிப்பார். கோலுக்கு உரியவர் எழுந்துபோய்ப் பையை வாங்கிக்கொள்வார். சண்டை கிடையாது, கூச்சல் கிடையாது.

ஆனால் சபின்யோவுக்கு என்று யாராவது வந்தால் மட்டும், பெண்களின் கோல்களை அவர் எடுத்து வரிசைக் கடைசியில் வைத்துவிடுவார். பக்கத்து மலை கஹிங்காவுக்கு என்றால் வைக்கமாட்டார். கஹிங்காவில் நெடுக மூங்கில் காடு, நடந்தே போய்விடலாம். சபின்யோவில் ஏணி இருக்கிறது. கடைசி உச்சிக்குப் போகிற இடத்தில் பாறை சுவர் மாதிரி எழும்பி நிற்பதால், கட்டைகளை ஆணியடித்து ஏணி சாத்தியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பெண் ஏணி ஏறக்கூடாது. கூரை ஏறக்கூடாது, விசில் அடிக்கக்கூடாது, மாட்டில் பால் கறக்கக்கூடாது. உயர ஏறினால் புருஷன் செத்துப்போவான். இதை யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை, கண்ணுகளா. சின்ன வயதில் வேலிக் கட்டையில் கால் வைத்தால் முதுகில் ஒன்று விழும். பாடம் அவ்வளவுதான்.

மழை விட்ட மாதங்களில் வருகிறவர்கள் எல்லாரும் சபின்யோதான் கேட்பார்கள். அதன் உச்சியில் நின்றால் உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்று நாட்டையும் ஒருசேர மிதிக்கலாம் அல்லவா, படம் எடுத்துக்கொள்ள ஆசை. அந்த மாதங்களில் எங்கள் பெண்கள் இருட்டில் எழுந்து வந்து, நாளெல்லாம் உட்கார்ந்து, தங்கள் கோல் பின்னால் பின்னால் போவதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள்.

வெனான்சியாவும் அப்படித்தான் இருந்தாள். உருளைக்கிழங்கு மூட்டை சுமந்து சுமந்து தடித்த கழுத்து, ஒட்டடைக் குச்சி மாதிரி கால். அவள் புருஷன் கபேராவுக்கு இடுப்பில் கோளாறு, குனிந்து மண் கொத்த முடியாது. வீட்டில் அடுப்பு எரிவது அவள் கோலை நம்பித்தான். ஒரு வாரம் முழுக்க அவள் முதல் ஆளாக வந்தாள், ஒரு வாரம் முழுக்கக் கடைசி ஆளாக ஆக்கப்பட்டாள். அடுத்த நாள் காலையில் செபிவும்பி அவள் கோலைக் கையில் எடுத்ததும் எழுந்து போனாள். அவர் கையிலிருந்து அதை வாங்கி, இருந்த இடத்திலேயே திருப்பிச் சாய்த்தாள்.

"என்ன பண்ற?" என்றார் அவர்.

"என் கோலு, தலைவரே. முதல்ல வந்தது."

"அவங்க சபின்யோவுக்குப் போறாங்க."

"கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

"ஏணி இருக்கு அங்க."

"எனக்குத் தெரியாதா? அந்த ஏணிக்கான கட்டையைக் கீழேயிருந்து தலையில சுமந்துட்டுப் போனது நாங்கதானே. பாறை அடிவாரத்துல இறக்கி வெச்சதும், போங்கடி வீட்டுக்குன்னு அனுப்பிட்டீங்க."

"சுமக்கலாம். மிதிக்கத்தான் கூடாது."

"தலையில வெச்சப்போ வராத கேடு, காலை வெச்சா மட்டும் எப்படி வரும்?"

அடுப்போரம் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். செபிவும்பிக்கு அது பிடிக்கவில்லை. அவர் கெட்ட மனுஷன் இல்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் விறகு பிளக்கிற ஆள். ஆனால் நாலு பேர் எதிரில் தன்னைப் பார்த்து யாராவது சிரித்துவிட்டால் அவர் கல்லாகிவிடுவார்.

"இதோ பாரு, கபேரா மேல உனக்குக் கோபம்னா நேரா சொல்லு. பெரியவங்களை வெச்சுப் பேசி முடிச்சுடலாம். ஒரு மனுஷனைக் கொல்றதுக்கு மலை ஏறணுமா?"

"அவரைக் கொல்லணும்னா மலை எதுக்கு? நான் இப்படியே வேலை இல்லாம வீட்டுக்குப் போயிட்டிருந்தாப் போதும், பசியில அவரே போயிடுவாரு."

அதற்குள் மலை ஏற வந்தவர்கள் காரைவிட்டு இறங்கி வந்துவிட்டார்கள். தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்தவர்கள், இரண்டே பேர். நகபுகோ என்று ஒரு அம்மா, நல்ல ஆகிருதி, கால்சட்டையும் புது பூட்ஸும். கூட அவள் அலுவலகத்தில் வேலை செய்கிற ஒல்லிப் பையன் ஒருவன். அந்த அம்மா வந்த வேகத்தில், தன் ஊர் வழக்கப்படி, எரிமலைக் கல் குத்துமே என்றுகூடப் பார்க்காமல் செபிவும்பியின் எதிரில் மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். செபிவும்பி குளிர்ந்துபோனார். அவள் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து, "என் பையை யார் தூக்கப் போறாங்க?" என்றாள்.

"நான்" என்றாள் வெனான்சியா.

"இவ இல்லை" என்றார் செபிவும்பி.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த அம்மா, "நானும் பொம்பளைதானே, நான் ஏறப் போறேனே?" என்றாள்.

"உங்க வீட்டுக் கூரை கம்பாலாவுல இருக்கும்மா. விழுந்தாலும் அங்க விழும். இவ கூரை இங்க இருக்கு."

துப்பாக்கியோடு கூடப் போகிற வனக்காவலர் பியாமுகாமா வேலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் வேறு மாவட்டத்துக்காரர். செபிவும்பி அவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார்" என்றார்.

"நான் என்னத்தைச் சொல்ல? குப்பை போடாதே, காட்டெருமையைக் கண்டா ஓடாதே, இவ்வளவுதான் பூங்காவோட சட்டம். பொம்பளை பத்தி ஒண்ணும் எழுதலை. எங்க ஊர்ல பொம்பளை ஆட்டுக்கறி தின்னக்கூடாதும்பாங்க. எங்க அம்மா அடுப்படியில நின்னே தின்னுடுவா."

வெனான்சியா அதற்குள் நகபுகோ அம்மாவின் பையை முதுகில் மாட்டி, நெஞ்சுப் பட்டையை இறுக்கிவிட்டாள். செபிவும்பி அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். அடுப்போரம் இருந்த எனக்கே கேட்டது, அவ்வளவு அமைதி.

"ஏணியில நீ காலை வெச்சேன்னா, இந்த வேலியில இனிமே உன் கோலு நிக்காது. சபின்யோவுக்கு மட்டுமில்லை, கஹிங்காவுக்கும் இல்லை, எதுக்கும் இல்லை. கேட்டுக்க."

"கேட்டுக்கிட்டேன்" என்றாள். கோலை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஒல்லிப் பையனின் பையைத் தூக்கியவன் ருகுண்டோ. செபிவும்பியின் தங்கை மகன். நல்ல பலசாலி, ஆனால் மாமா சொன்னதை வாய்க்குள்ளேயே வைத்து மெல்லுகிறவன். இனி மலையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் அங்கே இல்லை. வெனான்சியா சொன்னது பாதி, ருகுண்டோ பல நாள் கழித்துத் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னது பாதி. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

காட்டெருமைகள் வயலுக்குள் வராமல் இருக்க எழுப்பிய கருங்கல் சுவரைத் தாண்டியதும் மூங்கில் தொடங்குகிறது. ராத்திரிப் பனி மூங்கில் இலையில் தங்கியிருந்து, யாராவது உரசினால் பின்னால் வருகிறவன் தலையில் கொட்டும். நகபுகோ அம்மா ஏறும்போதே பேசிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கினால் நிற்பாள், நின்றால் பேசுவாள். ருகுண்டோ ஒரு வார்த்தை பேசாமல் கடைசியில் வந்தான்.

முதல் உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த அம்மா பொரித்த கோழியைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டினாள். கோழியின் இரைப்பையை மட்டும் தனியே எடுத்து வெனான்சியாவிடம் காட்டினாள்.

"எங்க பக்கத்துல இது புருஷனுக்குத்தான். பொம்பளை தொடவே கூடாது. எங்க பாட்டி காலத்துல பொம்பளைக்குக் கோழியே கிடையாது, வளர்க்க மட்டும் செய்யலாம்."

"இப்ப?"

"இப்ப நான் சம்பாதிக்கிறேன், நான் வாங்குறேன், நான் பொரிக்கிறேன்." வாயில் போட்டுக்கொண்டாள். "ரப்பர் மாதிரி இருக்கு. இதுக்கா இத்தனை வருஷம் சண்டைன்னு தோணுது. இருந்தாலும் தின்னுடுவேன்."

பியாமுகாமா சிரித்துப் புரையேறினார். ருகுண்டோ, "உங்க புருஷன் இருக்காரா?" என்று கேட்டான். அவன் அன்று பேசிய முதல் பேச்சு.

"இருக்காரு தம்பி. குண்டா இருக்காரு."

இரண்டாவது உச்சிக்கு அப்பால் வழி ஒரு கத்தி முனை மாதிரி போகிறது. இந்தப் பக்கம் நம் உகாண்டா, அந்தப் பக்கம் ருவாண்டா, இரண்டும் பள்ளம். அதன் முடிவில் பாறையும் ஏணியும். கட்டைகளில் பாசி, ஈரம். அங்கே வந்ததும் ருகுண்டோ முன்னால் வந்து வழியை மறித்து நின்றான்.

"நான் முன்னால ஏறிடுறேன். அக்கா கடைசியா வரட்டும்."

"ஏன்டா தம்பி?"

"நீ மிதிச்ச படியில நான் காலை வெக்கமாட்டேன் அக்கா. தப்பா நினைக்காதே. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு."

"தாராளமா போ" என்றாள் வெனான்சியா.

காவலர் ஏறினார். அடுத்து ருகுண்டோ, பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி. பிறகு ஒல்லிப் பையன், பிறகு நகபுகோ அம்மா, ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு. எல்லாரும் மேலே போன பிறகு ஏணியின் அடியில் வெனான்சியா மட்டும் நின்றாள்.

என்னிடம் சொல்லும்போது அவள் வீரம் பேசவில்லை. "கையெல்லாம் நடுங்குச்சு" என்றாள். நாற்பது வயது தாண்டியவள், அதுவரை தரையைவிட்டு ஒரு முழம்கூட உயர்ந்ததில்லை. ஏணியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. எவ்வளவு சுமந்தாலும் தரை அவள் காலை விட்டுப் போனதில்லை. இங்கே ஒரு கால் தூக்கினால் அடியில் காற்றுதான் இருந்தது. பாதி ஏணியில் கபேராவின் முகம் ஞாபகம் வந்ததாம். காலையில் அவர் பல்லில்லாத பக்கமாக உருளைக்கிழங்கை ஒதுக்கி மென்றுகொண்டிருந்த முகம். இறங்கிவிடலாமா என்று நினைத்திருக்கிறாள். பிறகு, இறங்குவதும் இதே மாதிரி நடுக்கம்தானே என்று ஏறிவிட்டாள்.

உச்சியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பலகை, கொஞ்சம் சேறு, குளிர்காற்று. காங்கோ பக்கம் காடு. ருவாண்டா பக்கம் வயல்வெளி, நம்முடையதைப் போலவே சின்னச் சின்னத் துண்டுகளாக, அதில் யாரோ குனிந்து கொத்திக்கொண்டிருந்தார்கள். "அங்கேயும் நம்மளை மாதிரியே பொம்பளைங்கதான் குனிஞ்சிருந்தாங்க" என்றாள்.

படம் எடுத்து முடித்தார்கள். காங்கோ பக்கத்திலிருந்து மேகம் ஏறி வருவதைக் கண்டு பியாமுகாமா, "கிளம்பலாம்" என்றார். எல்லாரும் எழுந்தார்கள். ருகுண்டோ எழுந்தான், ஏணியின் தலைப்பக்கம் வந்தான், நின்றான். குனிந்து படிகளைப் பார்த்தான். அப்படியே பின்னால் போய்ப் பலகையடியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா?" என்றாள் வெனான்சியா.

அவன் ஏணியையே பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் மிதித்த படியில் ஏறக்கூடாது என்று முந்திக்கொண்டு ஏறினானே, அவளும் ஏறின பிறகு இறங்குவதற்கு வேறு படி ஏது?

காவலருக்கு விஷயம் விளங்கியதும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வேற வழி இல்லாம இல்லை, தம்பி. ருவாண்டா பக்கம் இறங்கினா அவங்க காவலர் சீட்டு கேப்பாங்க. காங்கோ பக்கம் யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க, நேரா சுடுவாங்க. உனக்கு எது வசதி?"

"சிரிக்காதீங்க சார்" என்றான் அவன். கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து நகபுகோ அம்மாவும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

வெனான்சியா அவன் எதிரில் குந்தினாள். "எழுந்திருடா. மழை வந்துடும்."

"அக்கா, நான் ஒரு யோசனை சொல்றேன், கோவிச்சுக்காதே." அவன் மெதுவாகப் பேசினான். "நீ ஏறலைன்னு வெச்சுக்குவோம். ஏணிக்குக் கீழேயே நின்னுட்டேன்னு கீழ போய்ச் சொல்லு. நானும் அதையே சொல்றேன். சார் சொல்லமாட்டாரு, இவங்க நாளைக்கு ஊருக்குப் போயிடுவாங்க. அப்புறம் ஏணி ஏணியா இருக்கும், உன் கோலும் வேலியில நிக்கும். மாமாகிட்ட நானே பேசறேன். கஹிங்காவுக்கு முதல் ஆளா உன்னையே விடச் சொல்றேன்."

கண்ணுகளா, இந்த இடத்தில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாளாம். அதை அவளே ஒத்துக்கொண்டாள். ஒரு சின்னப் பொய். சொன்னால் வேலை தங்கும், வீட்டில் அடுப்பு எரியும், கபேராவின் உயிர்மேல் பழி வராது. சொல்லாவிட்டால் நாளை காலை அவளுக்கு வாசலே இல்லை.

"நான் ஏறலைன்னா இங்க நிக்கிறது யாருடா?" என்றாள்.

"அக்கா, ஊருக்குச் சொல்றதுக்குத்தானே."

"ஊருக்குத்தான் நான் ஏறினது தெரியணும். இல்லைன்னா வீணா எதுக்கு இந்த நடுக்கம் நடுங்கினேன்? கஹிங்காவுக்குக் கோலு எடுக்கறப்பல்லாம் அந்தப் பொய்யைச் சேர்த்துத் தூக்கணும். அது உருளைக்கிழங்கு மூட்டையைவிடக் கனம். நான் வாசல்ல போய் ஏறினேன்னுதான் சொல்வேன். நீ வந்தா வா, வராட்டி இங்கயே ராஜாவா உக்காரு, மூணு நாடும் உன்னுது."

எழுந்து பையை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். மேகம் உச்சியை மூடியது. கீழே நின்று பார்த்தால் ஏணியின் மேல்பாதியே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைக்குள்ளிருந்து இரண்டு கால்கள் தெரிந்தன. ருகுண்டோ வந்துகொண்டிருந்தான். ஆனால் எப்படி? அவள் படியின் நடுவில் மிதித்திருப்பாள் என்று, அவன் படிகளின் ஓரத்தில், ஆணி அடித்த முனையில், விரல் நுனியை மட்டும் வைத்து வைத்து இறங்கினான். ஈரக் கட்டை. ஒரு கால் வழுக்கி வெளியே போய்விட்டது. அவன் கையால் தொங்கினான், முதுகில் பை வேறு.

வெனான்சியா தன் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏணியில் ஏறினாள். அந்த முறை எந்தக் கால் முதல் என்று யோசிக்கவில்லை. காற்றில் ஆடிக்கொண்டிருந்த அவன் கணுக்காலைப் பிடித்து, இழுத்து, படியின் நடுவில் அழுத்தி வைத்தாள்.

"நடுவுல மிதிடா. கல்யாணம் பண்ணப் போறவன் காலா இது?"

அடுத்த காலையும் அப்படியே எடுத்து வைத்தாள். தரை வரும்வரை ஒவ்வொரு காலாக அவளே எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள்.  தரைக்கு வந்த பிறகு அவன் வழி முழுக்கத் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

அவர்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அன்று வேலை கிடைக்காத பெண்கள்கூட வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார்கள். செபிவும்பி நேராக மருமகனிடம் போனார்.

"ஏறினாளா?"

ருகுண்டோ பையை இறக்கிவைத்து, அதன் வாரைச் சரிசெய்தான், மறுபடி சரிசெய்தான்.

"ஏறினேன், தலைவரே" என்றாள் வெனான்சியா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "ரெண்டு தடவை ஏறினேன். ரெண்டு தடவையும் இறங்கினேன்."

செபிவும்பி அவள் கையிலிருந்து கோலைப் பிடுங்கினார். நேராக என்னிடம் வந்து, என் அடுப்பில் திணித்துவிட்டார். கெண்டி ஆடிப்போயிற்று.

"பச்சைக் கட்டை அது" என்றாள் வெனான்சியா. "புகையும், கண்ணைப் பாத்துக்கங்க."

யாரோ சிரித்தார்கள், பெண் சிரிப்பு. அதுதான் அவரை உசுப்பிவிட்டது. எல்லார் எதிரிலும் கையை உயர்த்தி, "அந்த ஏணி தீட்டுப்பட்டுப் போச்சு. ஊர்ப் பெரியவரைக் கூட்டிட்டுப் போய்ச் சோளக்கள் ஊத்திச் சுத்தம் பண்றவரைக்கும் நம்ம ஆம்பளை ஒருத்தனும் அதுல கால் வெக்கக்கூடாது. வெச்சா அவனுக்கும் இந்த வாசல் இல்லை" என்றார்.

ருகுண்டோவின் முகத்தை நான் பார்த்தேன். பாவம், நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெனான்சியா வேகமாக வீட்டுக்கு நடந்தாள். வாசலில் அவ்வளவு பேசியவள், வழியில் ஆள் இல்லாத இடம் வந்ததும் கபேராவை நினைத்து இன்னும் எட்டி நடை போட்டாளாம். வீடு சாத்தியிருந்தது. கூரையில் புகை இல்லை. "கபேரா" என்று கூப்பிட்டாள், பதில் இல்லை. கதவைத் தள்ளினாள், பாய் காலி. பின்கட்டில் போய்ப் பார்த்தாள். பிறகு ஓடத் தொடங்கினாள்.

அவர் தெருக்கோடியில் கள் விற்கிற வீட்டில் இருந்தார். சுற்றிலும் கூட்டம். கையில் பெரிய சுரைக்குடுவை, அதில் உறிஞ்சுகிற குழல். முகம் மினுமினுவென்று இருந்தது.

"வந்துட்டியா?" என்றார். "ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

"பாத்தீங்களா, நான் சொல்லலை?" அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "வாசல்லேருந்து சேதி வந்ததுலேருந்து சொல்லிட்டிருக்கேன், என் பொண்டாட்டி இன்னிக்கு ஏணி ஏறுறா, நான் சாயங்காலத்துக்குள்ள செத்துடுவேன், சாகப்போறவனுக்கு ஆளுக்கு ஒரு குடுவை வாங்கிக் குடுங்கன்னு. நல்ல மனுஷங்க, யாரும் இல்லைன்னு சொல்லலை. வெனான்சியா, நாளைக்கும் ஏறுவியா?"

அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தக் குடுவையை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அவள் மறுபடி முதல் ஆளாக வந்தாள். கையில் கோல் இல்லை. வேலியோரம், முதல் கோல் சாய்கிற இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். பெர்பெத்துவா என்று ஒருத்தி, எப்போதும் பயந்த சுபாவம், அவளிடம் வந்து, "உன் கோலுதான் சாம்பலாயிடுச்சே, எதுக்குடி வந்தே? அவர் வாயில விழவா?" என்றாள்.

"கோலு இல்லைன்னா என்ன, நான் நிக்கிறேன்."

மலை ஏற மூன்று பேர் வந்தார்கள். சபின்யோ. செபிவும்பி வெனான்சியாவை வேலிக்கட்டை மாதிரிப் பாவித்து, அடுத்திருந்த கோலை எடுத்து உயர்த்தினார். அது ஹிதிமானாவின் கோல். ஹிதிமானா என் அடுப்போரத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"தலைவரே, ஏணி இன்னும் சுத்தம் ஆகலையே. நீங்கதானே சொன்னீங்க."

செபிவும்பி அடுத்த கோலை எடுத்தார். அதற்கு உரியவனும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினான். அடுத்த கோல் ருகுண்டோவுடையது. மாமாவும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செபிவும்பி அதை எடுக்காமலே விட்டுவிட்டு, காவலர் பியாமுகாமாவிடம் போனார்.

"சார், ஒரு பெரியவரும் நானும் மேல போய்ட்டு வரணும். ஒரு குடம் சோளக்கள் மட்டும். ஊத்திட்டு வந்துடுவோம்."

"பூங்காவுக்குள்ள கள்ளு கூடாது, தலைவரே. பலகையில எழுதியிருக்கு. என் வேலை போயிடும்."

மலை ஏற வந்தவர்கள் மணியைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தார்கள். சபின்யோவின் உச்சியில் அப்போது மேகமே இல்லை. வெனான்சியா வேலியைவிட்டு வந்து, கிடந்த மூன்று பைகளில் பெரிதை எடுத்து முதுகில் போட்டுக்கொண்டாள்.

"எங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை, தலைவரே. தீட்டு பட்டது ஆம்பளைக்குத்தானே. பெர்பெத்துவா, வா. இன்னொருத்தி யாரு?"

செபிவும்பி அவளருகே வந்தார். முந்தின நாளைவிடக் குரல் தாழ்ந்திருந்தது. "ஏணிக்கு ஒண்ணும் ஆகலைன்னு வெச்சுக்குவோம். எங்க ஆளுங்க போகட்டும்."

"ஏணிக்கு ஒண்ணும் ஆகலைன்னா, நான் ஏறினதுலயும் ஒண்ணும் ஆகலை. ஏதாவது ஆயிருந்தா ஆம்பளை போகமுடியாது, ஆகலைன்னா என்னைத் தடுக்கமுடியாது. ரெண்டுல எதுன்னு நீங்களே எல்லார் எதிர்லயும் சொல்லுங்க. நான் கேட்டுட்டுப் போறேன்."

அவர் வேலியில் நின்ற கோல்களைப் பார்த்தார். என் கெண்டி கொதித்து வழிந்தது, அதைக்கூட யாரும் எடுத்துவைக்கவில்லை. வெனான்சியா அவருக்காக ஒரு மூச்சு நேரம்தான் நின்றாள், பிறகு திரும்பி நடந்தாள். பெர்பெத்துவா அவரையும் பார்த்தாள், வெனான்சியாவின் முதுகையும் பார்த்தாள், வாய்க்குள் எதையோ ஜபித்துக்கொண்டு ஒரு பையைத் தூக்கினாள். மூன்றாவது பைக்கு இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கை நீட்டிவிட்டார்கள்.

ஏணியின் அடியில் பெர்பெத்துவா நின்றுவிட்டாளாம். கால் வரவில்லை. "வெனான்சியா, பயமா இருக்குடி" என்றாள். மேலே பாதி ஏறியிருந்த வெனான்சியா குனிந்து பார்த்தாள்.

"பயந்தா பயந்துக்கிட்டே ஏறு. நானும் அப்படித்தான் ஏறிட்டிருக்கேன். நடுவுல மட்டும் மிதி."